பேட்டைகளின் நகரம்

தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மிடையே ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. கோடை விடுமுறை வந்ததும் ஊருக்குப் புறப்படுகிறோம். மதுரைக்கும் தஞ்சைக்கும் மாமல்லபுரத்துக்கும் குழந்தைகளை அழைத்துச் சென்று, 'இவையெல்லாம் நம் முன்னோர் கட்டியவை' என்று பெருமையோடு காட்டுகிறோம். ஆனால், ஆண்டில் பதினொரு மாதம் நமக்குச் சோறும் நீரும் தருகிற ஊரை, அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் செல்லும் வழி என்ற அளவில் மட்டுமே அறிந்திருக்கிறோம். அதன் பழமை என்ன, அதனைக் கட்டியவர் யாவர் என்று கேட்பதில்லை. கேட்க நேரமில்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம்.

நாம் புனே நகரை அடுத்த ஆகுர்டியில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகுர்டி தொழிற்சாலைகளின் ஊர். ஆலைச் சங்கொலிக்கு விழிப்பதும், புகைவண்டியைப் பிடிக்க விரைவதுமே இங்கே அன்றாட வாழ்க்கை. ஒரு நாள் நம் மகள் பள்ளிக் குறிப்பேட்டுடன் வந்து, "அப்பா, 'என் ஊர்' என்று மராத்தியில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். எந்த ஊரை எழுதட்டும்?" என்று கேட்டாள். "கும்பகோணத்தை எழுது" என்றோம். "அங்கே நான் மொத்தம் நாற்பது நாள்கூட இருந்ததில்லையே!" என்றாள். "அப்படியானால் புனேயை எழுது" என்றோம். "புனேயில் என்ன இருக்கிறது?" என்று அவள் திருப்பிக் கேட்டபோது, நாள்தோறும் ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியில் பெயர்த்து ஊதியம் பெறும் நமக்கு, விடை சொல்ல ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. அந்த வெட்கமே அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்களைப் பழைய புனேயின் தெருக்களுக்கு இட்டுச் சென்றது. அன்று கண்டவற்றையும், அவற்றை விளங்கிக்கொள்ளப் பின்னர்ப் படித்தறிந்தவற்றையும் இங்கே வரிசையாகச் சொல்ல முயல்கிறோம்.

கோயிலைச் சுற்றாத ஊர்

தமிழருக்குப் பழைய ஊர் என்றால் ஓர் அமைப்பு மனக்கண்ணில் தோன்றும். நடுவே கோயில்; அதனைச் சுற்றி மாட வீதிகள்; அவற்றுக்கு வெளியே தேரோடும் வீதிகள்; பிறகு கடைவீதி. மதுரையும் திருவரங்கமும் இவ்வாறு அமைந்தவை. வியப்பு என்னவென்றால், இங்கிலாந்து நாட்டின் பழைய நகரங்கள் பலவற்றுக்கும் இந்த இலக்கணம் பெரும்பாலும் பொருந்தும். சால்ஸ்பரி, கான்டர்பரி, யார்க் முதலிய ஊர்களில் பேராலயமே நடுநாயகம். சால்ஸ்பரிப் பேராலயத்தின் ஊசிக்கோபுரம் 404 அடி உயரமுடையது. தொலைவில் வரும் வழிப்போக்கனுக்கு முதலில் தென்படுவது அதுவே. திருவரங்கத்து இராசகோபுரம் காவிரிக்கரையில் நமக்குச் செய்யும் பணியை அது அங்கே செய்கிறது.

புனே இவ்விரண்டு வகையிலும் சேராது. இது பேட்டைகளால் ஆன நகரம். மராத்தியில் 'பேட்' என்பதும் நாம் சைதாப்பேட்டை, வண்ணாரப்பேட்டை என்று வழங்கும் சொல்லும் ஒன்றே. இங்கே வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு பேட்டைகள் உண்டு. சனிவார், ரவிவார், சோம்வார், மங்கள்வார், புத்வார், குருவார், சுக்ரவார் என்பன அவற்றின் பெயர்கள். இவற்றோடு மிகப் பழைய கஸ்பா பேட்டையும், சதாசிவ், நாராயண், நானா, பவானி முதலிய பேட்டைகளும் சேர்ந்ததே பழைய நகரம். ஆட்சியாளர் ஒருவர் ஒரு பேட்டையை நிறுவுவார்; வணிகரையும் கைவினைஞரையும் அங்கே குடியேற்றுவார்; நீருக்குத் தொட்டி கட்டுவார்; காவலுக்கு ஆள் வைப்பார். ஆகவே இந்த ஊருக்கு ஒரே மையம் இல்லை. அரண்மனை, கோயில், சந்தை, பேராலயம் ஆகிய யாவும் பேட்டைக்குள் பேட்டையாகக் கலந்து கிடக்கின்றன. இவற்றை ஊர்தியில் அமர்ந்து காண இயலாது. நடந்தே காண வேண்டும்.

குடைந்தெடுத்த கோயில்

ஆகுர்டியில் உள்ளூர் மின்தொடர் வண்டியில் ஏறினால் சிஞ்ச்வட், பிம்பரி, காசர்வாடி, தாபோடி, கட்கி என்னும் நிலையங்களைத் தாண்டி சிவாஜிநகரை அடையலாம். அங்கே இறங்கிச் சிறிது தொலைவு நடந்தால், ஜங்லி மகராஜ் சாலையின் ஓரத்தில், தரைமட்டத்துக்குக் கீழே, பாதாளேசுவரர் குகைக்கோயில் இருக்கிறது. சாலையில் பேருந்துகள் இரைந்து ஓடுகின்றன. பத்தடி இறங்கினால் கற்பாறையின் குளிர்ச்சி.

இது கி.பி. எட்டாம் நூற்றாண்டளவில், இராட்டிரகூடர் காலத்தில், ஒரே பாறையில் குடைந்தது. மாமல்லபுரத்தில் பல்லவர் உளியோசை எழுந்ததற்கு அண்மைக் காலத்தது என்றால் நமக்கு எளிதில் விளங்கும். முன்னால் வட்ட வடிவமான நந்தி மண்டபம். பருத்த சதுரத் தூண்கள். அதன் பின்னே கருவறை. தூண்களில் நுண்ணிய வேலைப்பாடு இல்லை. பணி முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது.

இங்கே கல்லைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். தக்காணத்தின் கல் நம் ஊர்க் கருங்கல் அன்று. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலப்பிளவுகளின் வழியே பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு, படிப்படியாகப் பரவி உறைந்து ஆன கல் இது. மலைகள் படிக்கட்டுகள் போலத் தோன்றுவதும் இதனாலேயே. கருமையும் கடினமும் உடைய இக்கல்லே புனேயின் எல்லாக் காலத்துக் கட்டடங்களுக்கும் அடித்தளம். குகைக்கோயிலும், பேஷ்வாக்களின் அரண்மனையும், ஆங்கிலேயர் எழுப்பிய அலுவலகங்களும் கொள்கையில் வேறுபட்டாலும் கல்லில் ஒன்றே.

சனிக்கிழமை அரண்மனை

அங்கிருந்து கிழக்கே நடந்து, முட்டா ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் சனிவார் வாடாவின் மதில் எதிரே நிற்கும். 'வாடா' என்பது மாளிகை. முதலாம் பாஜிராவ் பேஷ்வா 1730-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் இதற்கு அடிக்கல் நாட்டினார். 1732-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் குடிபுகுந்தார். இரண்டு நாட்களும் சனிக்கிழமை. நல்ல காரியத்துக்கு நாம் தவிர்க்கும் கிழமையில் தொடங்கி அந்தக் கிழமையின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

கட்டுவதற்கு வேண்டிய தேக்கு ஜுன்னரின் காடுகளிலிருந்தும், சுண்ணாம்பு ஜேஜுரியிலிருந்தும், கல் சிஞ்ச்வட் கற்சுரங்கங்களிலிருந்தும் வந்தன என்று சொல்வர். சிஞ்ச்வட், ஆகுர்டிக்கு அடுத்த நிலையம் அல்லவா? "நம் பக்கத்துக் கல்லா இது!" என்று நம் மகள் மதிலைத் தொட்டுப் பார்த்தாள். கட்டுரைக்கு முதல் வரி அன்று அங்கே கிடைத்தது.

வடக்கு நோக்கிய பெருவாயிலுக்குத் தில்லி வாயில் என்று பெயர். கதவுகளில் யானையின் நெற்றி மட்டத்தில் கூரிய இரும்பு முட்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. மோதித் திறக்க வரும் யானையைத் தடுக்கும் ஏற்பாடு இது. பெருங்கதவில் ஓர் ஆள் குனிந்து நுழையுமளவு சிறு கதவு ஒன்றும் உண்டு. நம் கோட்டைகளிலும் கோயில்களிலும் 'திட்டிவாசல்' என்று வழங்குவது இதுவே. மராத்தியில் இதற்குத் 'திண்டி தர்வாஜா' என்று பெயர். குனிந்து தலையை முதலில் நீட்டுபவன் வாளை ஓங்க முடியாது என்பதே இதன் சூழ்ச்சி.

உள்ளே சென்றால் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஏழு நிலை மாளிகை இருந்ததாகச் சொல்லும் இடத்தில் இன்று புல்தரையும் அடித்தளங்களுமே எஞ்சியுள்ளன. பதினாறு இதழ்த் தாமரை வடிவத்தில் அமைந்த நீரூற்றின் தொட்டி, இழந்தது எத்தகையது என்பதற்குச் சான்றாகக் கிடக்கிறது. 1828-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மூண்ட தீ பல நாட்கள் எரிந்து மாளிகையை விழுங்கிற்று. காரணம் கட்டடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அடிப்பகுதி மட்டுமே கல். மேல்நிலைகள் செங்கல்லும் தேக்கும். கல்மாளிகை கட்டும் உரிமை அரசருக்கே உரியது, அவருடைய அமைச்சரான பேஷ்வாவுக்கு உரியதன்று என்று சாத்தாராவிலிருந்து தடை வந்ததாக ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், எரிந்தது மரம், நின்றது கல்.

தீக்கு முன்னரே இம்மாளிகை பெருந்துயர் கண்டதுண்டு. 1773-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் இளம் பேஷ்வா நாராயணராவ் இதனுள்ளேதான் கொல்லப்பட்டார். 1817-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இதன் மேல் ஆங்கிலேயர் கொடி ஏறிற்று. மறு ஆண்டு பேஷ்வாக்களின் ஆட்சி முடிந்தது.

வாடாவின் இலக்கணம்

சனிவார் வாடாவில் அடித்தளத்தை மட்டும் கண்டவர், முழு வாடாவைக் காண விரும்பினால் தெற்கே நடந்து விசிராம்பாக் வாடாவுக்குச் செல்ல வேண்டும். கடைசிப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் கட்டியது. 1807-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆங்கிலேயர் 1821-இல் புனேயில் தொடங்கிய வடமொழிக் கல்லூரிக்கு இது இருப்பிடமாக இருந்தது. பின்னர் ஒரு பகுதி தீயில் அழிந்தது. எஞ்சிய முகப்பே நமக்குப் போதிய பாடம்.

தெருவிலிருந்து நோக்கினால் மேல்மாடத்தைத் தாங்கும் மரத்தூண்கள் தெரியும். சவுக்கைப் போல் ஒடுங்கி உயரும் 'சுரு' மரத்தின் வடிவத்தை அத்தூண்கள் பெற்றுள்ளன. தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையே செதுக்கிய வாழைப்பூ தொங்குகிறது. நம் கோயில் தூண்களின் போதிகையிலும் வாழைப்பூ முனை தொங்கக் காண்கிறோம் அல்லவா? அங்கே கல், இங்கே தேக்கு. வாழை இரு நாட்டுத் தச்சர்க்கும் ஆசான்.

வாயிலைக் கடந்தால் காவலர் அமரும் 'தேவ்டி'. அது நம் ரேழி. அதற்கப்பால் வானம் பார்த்த முற்றம். அதன் பெயர் 'சௌக்'. அதனைச் சுற்றித் தாழ்வாரமும் அறைகளும். செல்வமும் தேவையும் பெருகினால் மேலும் ஒரு முற்றம் சேரும்; ஒன்று அலுவலுக்கு, ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று சமையலுக்கு. தஞ்சை மாவட்டத்து முற்றத்து வீட்டில் பிறந்தவர் எவரும் இங்கே வழி தவற மாட்டார். இதில் வியப்புக்கு இடமில்லை. சிவாஜியின் தந்தை சாகாஜியின் மற்றொரு மைந்தரான ஏகோஜி 1670-களில் தஞ்சையைக் கைப்பற்றினார். அவர் வழியினர் 1855 வரை அங்கே இருந்தனர். பெரிய கோயிலின் சுவரில் மராத்திக் கல்வெட்டு உள்ளது. சரசுவதி மகால் நூலகத்தில் மராத்திச் சுவடிகள் உள்ளன. நாம் இங்கு வருவதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்னரே அவர்கள் அங்கு வந்து குடியேறியவர்கள். குடிபெயர்ந்து வாழ்வது நாம் மட்டும் கண்டுபிடித்த வாழ்க்கை அன்று.

பழைய கல், புதிய கல், இல்லாத கல்

இத்தெருக்களில் நடப்பவர் மூன்று வகை நினைவிடங்களைக் காண்பர். கஸ்பா கணபதி கோயில் முதல் வகை. ஜீஜாபாய் நிறுவியதாகக் கூறப்படும் இக்கோயிலின் கணபதியே ஊர்த்தெய்வம். இன்றும் விநாயகர் ஊர்வலத்தில் முதலிடம் இவருக்கே.

அண்மையிலுள்ள லால் மகால் இரண்டாம் வகை. சிவாஜி சிறுவராக வளர்ந்த மாளிகை. 1663-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து இரவில் அவர் தம் ஆட்களுடன் புகுந்து, மொகலாயத் தளபதி சாயிஸ்தகானின் விரல்களைத் துணித்த இடம். ஆனால் இன்று காணும் கட்டடம் 1980-களில் நகராட்சி புதிதாக எழுப்பியது. பழையது என்று மயங்காமல், நினைவுச் சின்னம் என்று அறிந்து பார்த்தால் குற்றமில்லை.

மூன்றாம் வகை புத்வார் பேட்டையில் பிடே வாடா இருந்த இடம். 1848-ஆம் ஆண்டு ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியது அந்த வீட்டில்தான். பெண் கல்வி பாவம் என்று கருதிய தெருவில், பள்ளிக்குச் செல்லும் வழியெல்லாம் சாவித்திரிபாய் மீது சேற்றையும் சாணத்தையும் எறிந்தனர். அந்த வாடா பல்லாண்டு சிதைந்து கிடந்து, வழக்குகளுக்குப் பின், 2023-ஆம் ஆண்டு இறுதியில் நினைவிடம் எழுப்புவதற்காக இடிக்கப்பட்டது. நாம் ஊருக்கு வந்த முதல் ஆண்டிலேயே நடந்திருந்தால் பார்த்திருக்கலாம். நம் மகளிடம் காட்ட அங்கே கட்டடம் இல்லை. கதையைத்தான் சொல்ல முடிந்தது. 'அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்' என்பது எத்தகைய சோம்பல் என்று அவ்விடத்தில் உணர்ந்தோம்.

வாடாக்கள் குறைவதற்குக் காரணங்கள் பல. 1961-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் பான்ஷெட் அணை உடைந்தபோது பெருவெள்ளம் ஆற்றோரப் பேட்டைகளில் புகுந்து எண்ணற்ற பழைய வீடுகளை வீழ்த்திற்று. பங்காளிகள் பெருகிப் பழுது பார்ப்பார் இல்லாமல் விழுந்தவை பல. விலை ஏறிய மனையில் அடுக்குமாடி எழுப்ப இடித்தவை பல. இன்று இப்பேட்டைகளின் அடியிலேயே சுரங்க இரயில் ஓடுகிறது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிவில் கோர்ட்டு முதல் சுவார்கேட் வரை அது திறக்கப்பட்டது. ஊர் வளரத்தான் வேண்டும். வளரும் ஊர் தன் முகத்தை மறந்துவிடாமல் இருக்கப் பார்ப்பவர் கண்ணும் துணை செய்ய வேண்டும்.

ஐந்து தொட்டிப் பேராலயம்

புலேயின் பெயர் தாங்கிய மண்டாய்ச் சந்தையைத் தாண்டிச் செல்கிறோம். 1886-இல் ஆங்கிலேயர் திறந்தபோது அதற்கு ஆளுநர் ரே பெருமகனாரின் பெயர் இருந்தது; எண்கோண நடுக்கட்டடத்தின் மேல் கோபுரமும் கூர்வளைவுகளும் கொண்ட அச்சந்தையைத் தொலைவிலிருந்து காண்பவர் தேவாலயம் என்றே எண்ணுவர். உள்ளே கத்தரிக்காயும் கொத்தமல்லியும்!

குருவார் பேட்டைக்குள் நுழைந்ததும் மெய்யான பேராலயத்தின் மணிக்கோபுரம் கூரைகளுக்கு மேலே தலைநீட்டுகிறது. திருநாமப் பேராலயம் என்பது அதன் முறையான பெயர். மக்கள் வழங்கும் பெயரோ 'பாஞ்ச் ஹௌத்'. அதாவது 'ஐந்து தொட்டி'. 1750-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நானாசாகேப் பேஷ்வா, தெற்கே காத்ரஜ் என்னுமிடத்தில் ஏரி அமைத்து, நிலத்தடிக் கால்வாய் வழியே நீரை நகருக்குக் கொண்டுவந்தார். எந்திரம் ஒன்றும் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் ஓடும் இயல்பே அதன் எந்திரம். பேட்டைதோறும் அந்நீர் தேங்கும் தொட்டிகள் இருந்தன. இப்பகுதியில் ஐந்து தொட்டிகள். ஆக்ஸ்போர்டை அடுத்த கௌலி என்னும் ஊரில் 1866-இல் தோன்றிய துறவியர் சபையார் இங்கே வந்து 1885-இல் ஆலயம் எழுப்பியபோது, தொட்டியின் பெயரே ஆலயத்துக்கும் ஒட்டிக்கொண்டது. நீருக்கு மக்கள் தந்த முதன்மையை இது காட்டுகிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் மரபில் தோன்றிய இவ்வாலயம், 1970-இல் உருவான வட இந்தியத் திருச்சபையின் புனே மறைமாவட்டத்துக்கு இன்று பேராலயம். பேராயரின் இருக்கை அமைந்த ஆலயத்தையே பேராலயம் என்பர். அளவில் பெரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஐரோப்பிய ஆலயத்துக்கும் நம் கோயிலுக்கும் கட்டுமானத்தில் உள்ள அடிப்படை வேறுபாட்டை இங்கே கருதலாம். நம் கோயில் தூணும் உத்திரமுமாகிய முறை. கல் உத்திரம் தன் எடையாலேயே நடுவில் முறியும் ஆதலால், தூண்களை நெருக்கமாக நட வேண்டும். ஆயிரங்கால் மண்டபம் தோன்றியதற்கு இக்கட்டாயமும் ஒரு காரணம். வளைவு முறையிலோ, ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை நெருக்கித் தாங்குகிறது. ஆகவே சிறு கற்களைக் கொண்டே அகன்ற கூடத்தை மூடலாம். ஆனால் வளைவு சுவரை வெளிப்பக்கம் தள்ளும். அதனைத் தடுக்கச் சுவருக்கு முட்டுச்சுவர் கொடுப்பர். வளைவைக் கூராக உயர்த்தினால் தள்ளும் விசை குறைந்து எடை பெரும்பாலும் கீழ்நோக்கி இறங்கும். அப்போது சுவரை மெலிதாக்கிச் சாளரங்களைப் பெரிதாக்கலாம். ஐரோப்பாவின் இடைக்காலப் பேராலயங்கள் ஒளி நிறைந்திருப்பது இக்கணக்கினால்தான். நம் கருவறையின் இருளும் அவர்களுடைய சாளரத்தின் ஒளியும், பக்தியால் மட்டுமன்றிப் பொறியியலாலும் வேறுபட்டவை.

திருநாமப் பேராலயத்தின் மணிக்கோபுரம், இத்தாலிய முறையைத் தழுவித் தனியே ஏறத்தாழ 130 அடி உயர்ந்து நிற்கிறது. அதனுள் இங்கிலாந்தின் லஃப்பரோ நகரத்து டெய்லர் வார்ப்படசாலை வார்த்த எட்டு மணிகள் உள்ளன. மணி அடிக்கும் முறையில் ஆங்கிலேயருக்குத் தனிமரபு ஒன்று உண்டு. ஒவ்வொரு மணியும் ஒரு முழுச் சக்கரத்தில் பூட்டப்பட்டிருக்கும். கயிற்றை இழுக்க மணி தலைகீழாகச் சுழன்று ஒலிக்கும். எட்டுப் பேர் எட்டுக் கயிறுகளைப் பிடித்து, ஒரு முறை ஒலித்த வரிசை மறுமுறை வாராதபடி மாற்றி மாற்றி இழுப்பர். எட்டு மணிகளை 40,320 வரிசைகளில் ஒலிக்கலாம். 1963-ஆம் ஆண்டு அதே லஃப்பரோ வார்ப்படசாலையின் கோபுரத்தில் அத்தனையையும் ஒலித்து முடிக்க ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று.

இதைக் கேட்டு இசையறிந்த நேயர்கள் புன்னகை செய்யக்கூடும். ஏழு சுரங்களை 5,040 வகையாக அடுக்கலாம் என்று கணக்கிட்டு, எந்த அடுக்கு எத்தனையாவது என்று கண்டுபிடிக்கும் வழியையும் 'சங்கீத ரத்னாகரம்' கூறுகிறது. அதனை இயற்றிய சார்ங்கதேவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இதே மராட்டிய மண்ணில், தேவகிரி யாதவர் அவையில் இருந்தவர். கணக்கு ஒன்று, நாவும் மணியும் வேறு.

ஒரு கோப்பைத் தேநீர்

இப்பேராலயத்து வளாகம் ஒரு கோப்பைத் தேநீருக்காகவும் வரலாற்றில் இடம்பெற்றது. 1890-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இங்கு நடந்த ஒரு கூட்டத்துக்கு நகரத்துப் பெரியோர் நாற்பதுக்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே, பால கங்காதர திலகர், கோபால கிருஷ்ண கோகலே ஆகியோர் அவர்களுள் அடங்குவர். முடிவில் அனைவருக்கும் தேநீரும் பிஸ்கோத்தும் வழங்கப்பட்டன. சிலர் அருந்தினர், சிலர் கோப்பையைத் தொட்டுவிட்டு வைத்தனர். வந்தவர்களின் பெயர்கள் செய்தித்தாளில் வெளிவரவே ஊர் கொதித்தெழுந்தது. சாதிவிலக்கு மூண்டது; வழக்குச் சங்கராசாரியார் வரை சென்றது; குற்றம் சாட்டப்பட்டவர்களுள் பலர் கழுவாய் செய்துகொள்ள நேர்ந்தது. ரானடே போன்ற சீர்திருத்தத் தலைவரே 1892-இல் கழுவாய்க்கு இணங்கியதை நண்பர்கள் சிலர் வருத்தத்தோடு பேசினர்.

நாட்டையே எழுப்பிய பெருமக்களையும் ஒரு கோப்பை இவ்வளவு அலைக்கழித்தது என்பதை எண்ணும்போது, அக்காலத்துச் சுவர்கள் கல்லால் மட்டும் ஆனவை அல்ல என்பது புலனாகிறது. பிடே வாடாவின் பள்ளியும் பாஞ்ச் ஹௌத்தின் தேநீரும் ஒரே பழைய நகரத்துக்குள் நடந்தவை. மதில் எது, வாயில் எது என்று இந்த ஊர் ஒரு நூற்றாண்டு முழுவதும் தனக்குள்ளேயே வழக்காடியிருக்கிறது.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. நானா பேட்டையில் உள்ள கத்தோலிக்க நகராலயத்துக்கு 1792-இல் நிலம் கொடுத்தவர் பேஷ்வா சவாய் மாதவராவ். தம் படையில் பணிபுரிந்த கிறித்தவ வீரர்கள் வழிபட இடம் வேண்டுமென்று அவர் அளித்தார். வேற்றூரிலிருந்து வந்து பணிசெய்பவனுக்குத் தன் தெய்வத்தைத் தொழ ஓரிடம் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். வெளி மாநிலங்களில் ஐயப்பனுக்கும் முருகனுக்கும் கோயில் எழுப்பும் நாம் அந்தக் கொடையை மதிக்கக் கடமைப்பட்டவர்கள்.

திருச்சியோடு ஓர் உறவு

மேலும் கிழக்கே நடந்தால் இராணுவக் குடியிருப்பாகிய 'கேம்ப்'. இங்கே தெரு அகலம், மரம் மிகுதி, கட்டடம் தள்ளித் தள்ளி நிற்கும். சிவந்த செங்கல்லால் ஆன கோபுரத்தோடு ஒரு கட்டடம் உண்டு. தேவாலயம் போல் தோன்றும் அது யூதர்களின் தொழுகைக்கூடம். பாக்தாதிலிருந்து பம்பாய்க்கு வந்து பெருவணிகரான டேவிட் சசூன் தொடங்கி, 1867-இல் நிறைவுற்றது. மக்கள் அதனை 'லால் தேவள்', செங்கோயில், என்பர். பக்கத்திலேயே சசூனின் கல்லறை.

இப்பகுதியிலுள்ள தூய மேரி ஆலயத்தை 1825-ஆம் ஆண்டு திருநிலைப்படுத்தியவர் கல்கத்தாப் பேராயர் ரெஜினால்டு ஹீபர். அந்தப் பெயரைக் கேட்டதும் திருச்சிராப்பள்ளிக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். ஆம், பிஷப் ஹீபர் கல்லூரியின் ஹீபர் இவரே. புனே ஆலயத்தைத் திறந்த மறு ஆண்டு, 1826 ஏப்ரல் 3-ஆம் நாள், திருச்சியில் வெயிலின் கொடுமைக்கு நீராடச் சென்ற குளத்திலேயே உயிர் நீத்தார். அங்கேயே தூய யோவான் ஆலயத்தில் அடக்கமானார். நாற்பத்து இரண்டே வயது. திருச்சியில் படித்துவிட்டுப் புனேயில் பணிபுரியும் தமிழர் எத்தனையோ பேர், இரண்டு ஊருக்கும் இடையே இப்படி ஓர் இழை ஓடுவதை அறியாமலே தூய மேரி ஆலயத்தின் வாயிலைக் கடந்து செல்கின்றனர்.

நடந்து காண்பவர்க்குச் சில குறிப்புகள்

சிவாஜிநகரிலிருந்து பாஞ்ச் ஹௌத் வரை மெதுவாக நடந்தால் ஒரு காலைப்பொழுது போதும்; கேம்ப் பகுதியை மற்றொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு காலை நெரிசல் குறைவு. பேராலயத்தில் மராத்தியில் வழிபாடு நடக்கும் வேளையில் சென்றால் ஓசையின்றிப் பின்னால் நின்று, முடிந்தபின் பார்க்க வேண்டும்.

கடைத்தெருவில் நடக்கும்போது விளம்பரப் பலகைக்கு மேலே நோக்குக. கீழ்த்தளம் கண்ணாடியும் இரும்புமாக மாறியிருந்தாலும், மேலே ஒரு மரமாடமும் வாழைப்பூவும் தப்பியிருக்கும். திறந்திருக்கும் பெருவாயில் ஏதேனும் கண்டால், உள்ளிருப்பவரிடம் இசைவு கேட்டு முற்றத்தை எட்டிப் பாருங்கள். நாம் அவ்வாறு சென்ற ஒரு வாடாவில், முற்றத்தில் துளசிமாடத்துக்கு நீர் வார்த்துக்கொண்டிருந்த முதியவள் ஒருத்தி, "எந்த ஊர்?" என்று கேட்டாள். வழக்கமாக நம் வாயில் வரும் விடை 'தமிழ்நாடு' என்பது. நாம் வாய் திறப்பதற்குள் நம் மகள், "ஆகுர்டி, ஆஜி" என்று மராத்தியில் சொன்னாள். அவளுடைய விடையில் பிழை ஒன்றும் இல்லை என்று நமக்குத் தோன்றியது. கும்பகோணம் அதனால் குறைந்துவிடவும் இல்லை.

திரும்பும் வழியில் தெருமுனையில் ஒரு தேநீர்க்கடையில் நின்றோம். புனேயில் பழைய தேநீர்க்கடைகளுக்கு 'அம்ருததுல்ய' என்று பெயர். அமுதுக்கு ஒப்பானது என்று பொருள். யார் கையால் வாங்கி யார் பக்கத்தில் நின்று குடிக்கிறோம் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. ரானடேயும் திலகரும் கழுவாய்க்கு உள்ளான அதே நகரத்தில், அவர்கள் தொட்டுவைத்த கோப்பையை நாம் குடித்து முடித்தோம்.

அன்று மாலை கட்டுரை எழுதப்பட்டது. 'எங்கள் பக்கத்துக் கல்லால் கட்டியது சனிவார் வாடா' என்று அது தொடங்கிற்று. நேயர்களே, நீங்கள் வாழும் நாகபுரியிலும் ஐதராபாத்திலும் ஜாம்ஷெட்பூரிலும் அகமதாபாத்திலும் இத்தகைய கற்கள் கிடக்கின்றன. அடுத்த ஊர்ப்பயணத்துக்குச் சீட்டுப் பதிவு செய்வதற்கு முன், ஒரு ஞாயிறு காலையை உங்கள் குழந்தைகளோடு அவற்றுக்காக ஒதுக்குங்கள்.